ஊரடங்கில் வளர்ந்த செய்மதிப் படக் குழு இப்போது ஏன் அடங்கிப் போயிற்று?

கடலோரக்கம்பி (வெள்ளவத்தை):

எல்லாருக்கும் வணக்கம். இதை எங்கே எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வட்ஸ்அப் குழுவில் எழுதலாம், ஆனால் அங்கே கடைசியாக யாரோ ஒருவர் எழுதி மூன்று கிழமை ஆகிவிட்டது, அதுவும் தீபாவளி வாழ்த்துப் படம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வானிலைச் செய்மதிகள் நம் தலைக்கு மேலே போகும்போது 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் படத்தை ஒலியாக அனுப்பிக்கொண்டே போகும். அதை வீட்டில் இருந்தபடியே பிடிக்கலாம். அரை மீற்றரைவிடக் கொஞ்சம் நீளமான இரண்டு கம்பி, 53 சென்றிமீற்றர் அளவில், அவற்றை 120 பாகையில் வீ எழுத்து மாதிரி விரித்து வைத்து, ஒரு துண்டு டிஷ் கேபிள், ரி.வி பார்ப்பதற்கென்று விற்கும் டொங்கிள் ஒன்று, ஒரு லேப்டொப், அவ்வளவுதான். ஒரு செக்கனுக்கு இரண்டு வரி என்று 'டிக் டொக் டிக் டொக்' சத்தத்தோடு படம் மேலிருந்து கீழே இறங்கி வரும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இமயமலைப் பக்கமிருந்து நமக்குத் தெற்கே வெறும் கடல் வரைக்கும் கிடைத்துவிடும்.

நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தது நோவா 15, 18, 19 என்ற மூன்றையும். 18ஐ 2025 ஜூனில் நிறுத்தினார்கள். ஓகஸ்டில் 19, ஒரு கிழமைக்குள் 15. அந்த 15 என்பது 1998இல் மேலே போனது. எங்கள் குழுவில் சிலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

செய்மதி நின்றதால் குழு நின்றது என்று என்னால் ஏற்க முடியவில்லை. 2020 மார்ச் 20 மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு போட்டபோது நாங்கள் ஏழு பேர். ஒருவரை ஒருவர் நேரில் கண்டதும் இல்லை. மே மாதம் அறுபது பேர் ஆனோம். அந்த நாட்களில் காலை எழுந்தவுடன் நான் முதலில் பார்த்தது அந்தக் குழுவைத்தான். அது எப்படி வளர்ந்தது, எங்கே தவறவிட்டோம் என்று இருந்தவர்கள் எல்லாரும் சொல்லுங்கள். திரும்பக் கட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

---

மாளிகாவத்தை137:

நானும் அந்த ஏழில் ஒருத்தன். சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

அந்த ஊரடங்கில் கொழும்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஓட்டோ இல்லை, பஸ் இல்லை, காலி வீதியில் நாய் மட்டும் நடந்தது. மார்ச் 19இலிருந்து கட்டுநாயக்கவில் ஆட்களை ஏற்றி வரும் விமானமும் நின்றுவிட்டது. எங்கள் மாடிக்குடியிருப்பில் ஒரு தட்டுக்கு நாலு வீடு, எல்லா வீட்டிலும் ஆட்கள் அடைந்து கிடந்தார்கள், நான் மொட்டைமாடிச் சாவிக்காக வோச்சர் ஐயாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். முதல் நாள் அவர் தரவில்லை. இரண்டாம் நாள் கம்பியையும் லேப்டொப்பையும் காட்டி, மேகத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவரும் கூட வந்தார். படம் இறங்கி வரும்போது இலங்கை தெரிந்ததே, ஒரு மாங்காய்க் கொட்டை அளவில், அவர் திரையில் விரலை வைத்து "இதுவா நாங்கள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு சாவி என்னிடமே இருந்தது.

இதை அன்று இரவு குழுவில் எழுதினேன். படத்தில் பாதி இரைச்சல், ஒரு பக்கம் முழுக்கக் கோடு கோடாக இருந்தது. ஆனால் அந்த இரவில் எத்தனை பேர் பதில் எழுதினார்கள்! அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

---

மலைக்காரன் (ஹட்டன் ஊர், இப்போது கொட்டாஞ்சேனை):

அண்ணே, நான் சேர்ந்தது அம்பான் சூறாவளி நேரம். 2020 மே 16க்குப் பிறகு வங்காள விரிகுடாவில் அது பெருத்துக்கொண்டே வந்தது, 18ஆம் திகதி சூப்பர் சூறாவளி என்ற நிலைக்குப் போனது, 20ஆம் திகதி மேற்கு வங்காளத்தில் கரையேறியது. கொழும்பில் நாங்கள் அப்போதும் ஊரடங்கில். எனக்கு ஊரில் அம்மா அப்பா, லயத்துக்குப் பின்னால் மண்மேடு, மழை விடாமல் பெய்கிறது என்று போனில் சொல்கிறார்கள், பஸ் இல்லை, போகவும் முடியாது. ரி.வியில் அரை மணிக்கு ஒருதரம் ஒரே படத்தைத்தான் காட்டினார்கள்.

அந்த நேரத்தில் ஒரு நண்பன் உங்கள் குழுவின் படத்தை அனுப்பினான். வெள்ளவத்தையில் ஒருவர், தெஹிவளையில் ஒருவர், மாளிகாவத்தையில் ஒருவர், ஒரே கடப்பை, அதாவது செய்மதி ஒருமுறை தலைக்கு மேலே போவதை, மூன்று பேர் பிடித்து, ஒருவருடைய படத்தில் விட்டுப்போன இடத்தை மற்றவருடைய படத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். சுழியின் கண் வரைக்கும் தெரிந்தது. வானத்திலிருந்து நேரே நம் வீட்டுக் கம்பிக்கு வந்த படம் அது, நடுவில் யாரும் இல்லை. நான் அம்மாவுக்குப் போன் பண்ணி, மழை மேகம் வடக்கே நகருது, நாளைக்குக் குறையும் என்று சொன்னேன். குறைந்தது.

அதனால் எனக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. குழு ஓய்ந்ததற்குக் காரணம் என்று நான் நினைப்பது சிம்பிளான விஷயம். எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிட்டோம். கடப்பு வரும் நேரம் நான் பஸ்ஸில் நிற்கிறேன்.

---

மின்மினி (தெஹிவளை):

வேலைக்குப் போனதால் ஓய்ந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் தம்பி. 2021இல் திரும்பவும் பூட்டினார்கள், மே 21இலிருந்து ஒரு மாதம் பயணத்தடை, பிறகு ஓகஸ்ட் 20இலிருந்து ஒக்டோபர் 1 வரை ஊரடங்கு. அப்போது எல்லாரும் வீட்டில்தானே இருந்தோம்? ஆனால் குழுவில் 2020இல் இருந்த அந்தச் சத்தம் இல்லை. எனக்குக் காரணம் தெரியும். நான்கு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன், கடலோரக்கம்பி அண்ணா கோபிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் இப்போது சொல்கிறேன்.

'இந்த மாதத்தின் சிறந்த படம்' என்று ஒன்று தொடங்கினீர்கள் அல்லவா, 2020 கடைசியில்? அன்றிலிருந்துதான்.

அதற்கு முதல் நாங்கள் எதை வேண்டுமானாலும் போட்டோம். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு மாமியார், சமையல், சூமில் பிள்ளைகளின் வகுப்பு. ஏரியலை பல்கனியில் துணி காயப்போடும் கொடியில் கட்டியிருந்தேன். மேற்குப் பக்கம் மட்டும்தான் திறந்த வானம். கடப்பு பாதியில் இருக்கும்போது பருப்பு அடிப்பிடிக்கும், ஓடிப்போய் வருவதற்குள் படம் வெள்ளையாகிவிடும். அப்படியே போடுவேன். "அக்கா, இந்த இடத்தில் பருப்பு பிடித்ததா?" என்று கேட்பார்கள். நான் ஆமாம் என்பேன். அடுத்த நாள் யாரோ ஒரு பிள்ளை, கேபிளை ஏரியலுக்குப் பக்கத்தில் ஒரு நாலைந்து சுற்றுச் சுற்றிப் பாருங்கள் அக்கா, இரைச்சல் குறையும் என்று எழுதும். குறையும். அப்படித்தான் நான் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

போட்டி வந்த பிறகு என்ன நடந்தது? மொட்டைமாடி இருந்தவர்கள், நல்ல வடிகட்டியும் பெருக்கியும் வாங்கக்கூடியவர்கள், அவர்களின் படம் கண்ணாடி மாதிரி வரத் தொடங்கியது. வடிவான படங்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே என் பாதிப் படத்தைப் போட எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் போடவில்லை, இரண்டு நாள் போடவில்லை, பிறகு பிடிப்பதையும் விட்டேன். என்னைப் போல எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. குழுவில் பெயர் இருந்தது, அதனால் ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

---

கடலோரக்கம்பி:

மின்மினி, இதை வாசித்துவிட்டு எழுந்துபோய்க் கடற்கரையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். கோபம் இல்லை.

அந்தப் போட்டியைத் தொடங்கியது நான்தான். ஒக்டோபரில் மினுவாங்கொடை, பிறகு பேலியகொடை மீன் சந்தை என்று இரண்டாம் அலை வந்து, மாத முடிவில் மேல் மாகாணத்தைத் திரும்பப் பூட்டினார்கள். எல்லாரும் மனம் சோர்ந்து இருந்தார்கள், ஏதாவது உற்சாகம் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். உங்களுடைய படங்கள் வராமல் போனதை நான் கவனித்தேன், பிள்ளைகளோடு நேரமில்லை போலும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தினமும் காலை ஆறு மணிக்கு 'இன்றைய கடப்புகள்' என்று அட்டவணை போடுவேன், எந்தச் செய்மதி, எத்தனை மணிக்கு எழும்பும், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, உச்சியில் எத்தனை பாகை, எல்லாம் தமிழில். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் ஒரு நாளும் விடாமல் போட்டேன். 2021இல் வீட்டில் எல்லாருக்கும் கோவிட் வந்தபோது நின்றது. பிறகு நான் திரும்பத் தொடங்கவில்லை, வேறு யாரும் எடுக்கவும் இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை நான். என் வேலை என்று கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

---

ஏரியல் மாமா (கொட்டாஞ்சேனை):

பிள்ளைகள் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது 71. ரேடியோ திருத்துகிற தொழிலில் நாற்பது வருடம் இருந்தவன். உங்களுக்குப் பழைய கதை ஒன்று சொல்லவேண்டும், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிற்றலை வானொலி நேயர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. இப்போதும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். இரவு இரவாக இருந்து, வத்திக்கான், மணிலா வெரித்தாஸ், லண்டன், பீக்கிங் என்று தமிழ் ஒலிபரப்பு எது கிடைத்தாலும் கேட்போம். கேட்டுவிட்டு அந்த நிலையத்துக்குக் கடிதம் எழுதுவோம். அதில் ஐந்து இலக்கம் போடுவோம். அலையின் பலம், மற்ற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, கடைசியில் மொத்தமாக எப்படி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 5 என்றால் அருமை, 1 என்றால் கேட்கவே முடியாது. சில மாதம் கழித்து அந்த நிலையத்திலிருந்து படம் போட்ட அட்டை ஒன்று தபாலில் வரும், நீங்கள் கேட்டது எங்கள் ஒலிபரப்புத்தான் என்று உறுதி சொல்லி. என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், 2 போட்டு அனுப்பிய கடிதத்துக்கும் அட்டை வந்தது. சொல்லப்போனால் அவர்களுக்கு 2தான் அதிகம் தேவை. கொழும்பில் கேட்கவில்லை என்றால் அலைவரிசையை மாற்றவேண்டும், அது அவர்களுக்கு எங்கள் கடிதத்தால்தான் தெரியும். கெட்டதைப் பிடித்தவனும் வேலை செய்தவன்தான். நாங்கள் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடும்போது யார் கேட்டது தெளிவு என்று பார்ப்பதில்லை. யார் எதைக் கேட்டார், எத்தனை மணிக்கு, எந்த மீற்றர் அலையில், அவ்வளவுதான். ஒரு கொப்பியில் எழுதுவோம். கொப்பி ஒவ்வொரு மாதமும் வேறு ஒருவர் வீட்டுக்குப் போகும்.

லண்டன் தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு சிற்றலையில் நின்றது. அடுத்த வருடம் வெரித்தாஸும் நின்றது. அன்று நாங்கள் ஒருவருக்கொருவர் போன் எடுத்துக் கதைத்தோம், செத்த வீட்டில் கதைப்பது போல. ஆனால் கூட்டம் நிற்கவில்லை, ஏனென்றால் கொப்பி ஒருவர் வீட்டில் இருந்தது, அடுத்த மாதம் அதை மற்றவருக்குக் கொடுத்தாகவேண்டும்.

இன்னொன்று. இப்போது நீங்கள் மொட்டைமாடியில் தைரியமாகக் கம்பி கட்டுகிறீர்கள். நான் பார்த்த கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக் கூரையில் கம்பி தெரிந்தால் எத்தனை பேருக்குப் பதில் சொல்லவேண்டி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான் வீட்டுக்குள்ளே, முகட்டு மரத்தோடு ஒட்டிக் கட்டியிருந்தேன். அப்படிப் பயந்து பயந்து கேட்ட எனக்கு, 2020இல் ஒரு கூட்டம் பிள்ளைகள் சிங்களம், முஸ்லிம், தமிழ் என்று பார்க்காமல் ஒரே நேரம் மாடிக்கு ஏறி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் போனில் பார்த்தபோது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

---

மாளிகாவத்தை137:

மாமா, இதை ஏன் முதலே சொல்லவில்லை.

அந்தக் கொப்பி மாதிரி ஒன்று எங்களுக்கும் ஒருமுறை அமைந்தது. 2022 மின்வெட்டுக் காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வைஃபை இல்லை, கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் விழும், குழுவில் கதைக்க வழியே இல்லை. ஆனால் கரண்ட் போன அந்த நிமிடம் ரேடியோ மட்டும் என்ன தெளிவு! அக்கம்பக்கத்து எல்ஈடி பல்ப், சார்ஜர், ரௌட்டர் எல்லாம் போடுகிற இரைச்சல் அப்படியே ஓய்ந்துவிடும். மத்திய அலையில் தூத்துக்குடி பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் கேட்டது. நோவா 19ஐ என் கம்பியில் அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன்னும் பிடித்ததில்லை, பின்னும் பிடித்ததில்லை.

லேப்டொப் பற்றரி இருக்கிறவர் பிடிப்பார், மற்றவர்கள் தாளில் நேரத்தையும் சத்தத்தையும் மட்டும் எழுதி வைப்போம். கரண்ட் வந்தவுடன் எல்லாரும் ஒன்றாகக் குழுவில் கொட்டுவோம். அந்த இரண்டு மூன்று மாதம் பழைய ஆட்கள் பலர் திரும்பி வந்தார்கள். மின்மினி அக்காவும் வந்தார், எனக்கு நினைவிருக்கிறது. அப்போது யாருடைய படம் நல்லது என்று யாரும் கேட்கவில்லை.

---

மின்மினி:

வந்தேன். மண்ணெண்ணெய் விளக்குக்கு முன்னால் இருந்து, நோவா 15 எழும்பிய நேரமும் மறைந்த நேரமும் பிள்ளைகளின் கணிதக் கொப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். மூத்தவள் இன்னும் அதைக் கிழிக்கவிடவில்லை.

---

புதியவன்06:

வணக்கம். நான் குழுவில் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறேன். இதை வாசித்த பிறகு கேட்கலாம் என்று தோன்றியது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேபிளும் கம்பியும் வாங்கினேன், டொங்கிள் ஒரு அண்ணா தந்தார். நோவா நின்றது தெரியாமல் இரண்டு கிழமை அதையே தேடினேன். பிறகு ரஷ்யாவின் மீட்டியோர் இருக்கிறது என்று தெரிந்து அதைத் தேடுகிறேன். ஒன்றுமே வரவில்லை. கறுப்புத் திரை. எனக்கு இது சரிவராது என்று விட இருந்தேன்.

---

கடலோரக்கம்பி:

தம்பி, விடாதே. உன்னில் பிழை இல்லை.

நோவா அனுப்பியது பழைய முறை. அலை பலவீனமாக இருந்தாலும் படம் வரும், புள்ளி புள்ளியாக, கோடு கோடாக, ஆனால் வரும். மீட்டியோர் அனுப்புவது டிஜிட்டல். போதிய அளவு அலை கிடைத்தால் அந்தத் துண்டுக்குப் படம் வரும், நோவாவைவிட எவ்வளவோ துல்லியமாக. கொஞ்சம் குறைந்தால் அந்தத் துண்டு முழுவதும் கறுப்பு. அரைகுறை என்று ஒன்று அதில் கிடையாது. நாங்கள் தொடங்கியபோது எங்கள் தோல்விக்கும் ஒரு படம் இருந்தது, அதைக் காட்டி உதவி கேட்டோம். உனக்குக் காட்டுவதற்கே ஒன்றும் இல்லை. மின்மினி சொன்னதும் மாமா சொன்னதும் இப்போதுதான் எனக்கு முழுதாக விளங்குகிறது.

செய்யவேண்டியது இதுதான். மீட்டியோரில் எம்2-3 என்ற செய்மதியை இப்போதைக்கு விடு, அதன் ஏரியல் மேலே போய்ச் சரியாக விரியவில்லை, அலை ஏறி இறங்கும். எம்2-4ஐப் பிடி. உன் கம்பி அதே கம்பிதான், ஒன்றும் மாற்றத் தேவையில்லை. வீயைக் கிடையாக, வடக்குத் தெற்காக வை. கடப்பு நேரத்தில் லேப்டொப்பில் அலை ஓடும் திரையை மட்டும் பார், நடுவில் தடித்த பட்டை ஒன்று மங்கலாகத் தெரிகிறதா என்று. தெரிந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்துப் போடு. தெரியாவிட்டாலும் எடுத்துப் போடு. ரௌட்டரையும் சார்ஜரையும் கழற்றிவிட்டுப் பிடி.

மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன். போட்டி இனி இல்லை. அட்டவணையை நான் திங்கள் மட்டும் போடுகிறேன். செவ்வாய்க்கு யார்?

---

மாளிகாவத்தை137: செவ்வாய் நான். வெள்ளி மட்டும் முடியாது, ஜும்மா.

மலைக்காரன்: புதன் எனக்குத் தாங்க அண்ணே. பஸ்ஸில் நின்றபடியே போட்டுவிடலாம்.

மின்மினி: வியாழனும் வெள்ளியும். பிள்ளைகள் எழுதுவார்கள், நான் பார்த்துத் திருத்துவேன்.

---

ஏரியல் மாமா:

அட்டவணை சரி. கொப்பி? இந்தக் குழுவில் ஒரு தாள் திறந்துவையுங்கள், யார், எத்தனை மணி, எந்தச் செய்மதி, ஐந்து இலக்கம். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் 1 போட்டு எழுதவேண்டும், வெறுமனே விடக்கூடாது. சனி ஞாயிறு கொப்பி என்னிடம் இருக்கட்டும்.

---

புதியவன்06:

இன்று காலைக் கடப்பு. ரௌட்டரைக் கழற்றினேன், அப்பா ஏசினார். படம் வரவில்லை. ஆனால் திரையில் நடுவில் ஒரு பட்டை, மிக மங்கலாக, ஒரு நாலு நிமிடம் இருந்து மறைந்தது. அதுதானா என்று தெரியவில்லை. இணைத்திருக்கிறேன்.

---

ஏரியல் மாமா:

அதுதான். ஞாயிறு, எம்2-4, பம்பலப்பிட்டிப் பக்கமா வெள்ளவத்தையா என்று சொல்லும், உம்முடைய பெயரில் 06 என்பதைக் கொழும்பு 06 என்று எடுத்து வெள்ளவத்தை என்று எழுதுகிறேன். அலை 2, குறுக்கீடு 5, இரைச்சல் 2, ஏற்ற இறக்கம் 3, மொத்தம் 2. கொப்பியில் முதல் வரி உம்முடையது. கம்பி இரண்டும் ஒரே நீளமா என்று ஒருமுறை அளந்து பாரும்.